அரை மீட்டர்: மூணு பாயிண்ட் கோடும் எங்க காலேஜ் டீமும்

இன்னிக்குப் பேசப்போறது பாஸ்கெட்பால். குறிப்பா, காலேஜ் டீம்ல மூணு பாயிண்ட் ஷாட்டை எப்போ எடுக்கணும், யாரை எடுக்கவிடணும்னு.

குரங்கணியிலிருந்து பேசுறேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம்னு வெளியூர் நண்பர்கள் கேட்பாங்க. போடியிலிருந்து கொஞ்ச தூரம் போனா பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாசம் நடத்துற அகில இந்தியப் போட்டி அறுபது வருஷத்தைத் தாண்டிடுச்சு. ஐ.ஓ.பி., இந்தியன் பேங்க், ஆர்மின்னு பெரிய டீமெல்லாம் வந்து ஆடும். ராத்திரி ஃபிளட் லைட்ல கேலரி நிரம்பி வழியும். இந்தப் பக்கம் பல பேருக்குப் பந்து மேல ஆசை வந்தது அங்கேதான். எனக்கும் அப்படித்தான்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். பக்கத்திலிருந்தும் இல்லாம கோட்டுக்கு வெளியவும் இல்லாம, நடுவாந்தரத்திலிருந்து ஒரு பொண்ணு பத்து ஷாட் போட்டு நாலு விழுந்தா எட்டு பாயிண்ட். அதே பொண்ணு கோட்டுக்கு வெளியே நின்னு பத்துல மூணுதான் போட்டாலும் ஒன்பது. குறைவா விழுந்தும் லாபம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துல 1986-87 சீசன்லதான் ஆண்களுக்கு இந்தக் கோடு நாடு முழுக்க வந்தது. பல கோச்சுகள் முகம் சுளிச்சாங்க. ரிக் பிட்டினோ மட்டும் பிராவிடன்ஸ் டீமை முதல் நாளிலிருந்தே வெளியிலிருந்து போடவெச்சார். பெரிய நட்சத்திரம் இல்லாத அந்த டீம் அந்த வருஷமே கடைசி நாலுக்குள்ள போயிடுச்சு. பின்னாடி, 2007-08ல டேவிட்சன்னு ஒரு சின்னக் காலேஜுக்காக ஸ்டீபன் கர்ரி ஒரே சீசன்ல 162 த்ரீ போட்டார்.

சின்னக் காலேஜுக்கு இது ஏன் முக்கியம்னா, உயரத்தை நாம விலைக்கு வாங்க முடியாது. ஆறடிப் பொண்ணு நம்ம மலைக்கு எங்கேயிருந்து வருவா? தூரத்திலிருந்து போடுற கையை மட்டும் பழக்கத்தால உண்டாக்கலாம்.

நான் கோச் பண்ற டீம்ல அப்படி ஒரு பொண்ணு இருந்தா. பேர் வேண்டாம். அவங்கம்மா காலையில ஜீப்புல ஏறி ஏலத்தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போறவங்க. பொண்ணு அஞ்சடி ரெண்டு அங்குலம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கிடைச்சு வந்தவ, அதனால டீம்ல நிக்கிறதும் படிப்பும் அவளுக்கு வேற வேற இல்ல. எங்க கோர்ட்டுல அவ போடுறதைப் பார்க்கணும்! பத்துல நாலு, சில நாள் அஞ்சு.

வெளியூர்ப் போட்டிக்குப் போனோம். முதல் நாலு ஷாட்டும் ரிங்கோட முன்விளிம்புல பட்டு வெளியே வந்துச்சு. நான் பெஞ்சிலிருந்து கத்தினேன்: "தாயி, இனிமே போடாத, பாஸ் மட்டும் பண்ணு." அவளும் போடல. அடுத்த ரெண்டு நிமிஷத்துலயே எதிர் டீம் புரிஞ்சுக்கிச்சு. அவளைக் காத்திட்டிருந்தவ அவளை விட்டுட்டு உள்ளே போய் நின்னா. கூடைக்குக் கீழே மூணு பேர் சுவர் மாதிரி. எங்க பாயிண்ட் கார்டு உள்ளே வெட்டிப் போக வழியே இல்ல. தோத்துட்டோம்.

வர்ற பஸ்ல அவ ஒரு வார்த்தை பேசல. "அடுத்த வருஷம் என்னைய டீம்ல வெப்பாங்களா"ன்னு தோழிகிட்ட கேட்டது மட்டும் முன் சீட்டுல இருந்த என் காதுல விழுந்துச்சு.

மறுநாள் டேப் எடுத்து எங்க கோர்ட்டை அளந்தேன். கூடையோட நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து கோடு 6.25 மீட்டர். பழைய அளவு! சர்வதேச விதியில 2010லேயே 6.75 ஆயிடுச்சு. எங்க சிமெண்டுத் தளத்துல யாரும் மாத்திப் போடல, நானும் அளந்து பார்க்கல. அரை மீட்டர்ங்கிறது ஒரு எட்டுகூட இல்ல. ஆனா ஷாட்டுங்கிறது முட்டியிலிருந்து விரல் நுனி வரைக்கும் பழகின ஒரே அசைவு, அரை மீட்டர் கூடினா அத்தனையும் மாறணும். பந்து முன்விளிம்புல பட்டதுக்குக் காரணம் அதுதான். பயமும் இல்ல, பதற்றமும் இல்ல.

இதுல என்னோட ரெண்டாவது தப்புதான் பெருசு. விழாத ஷாட்டுக்கும் ஒரு வேலை இருக்கு. அவ போடுவாங்கிற பயம் இருக்கிறவரைக்கும் ஒரு தடுப்பாட்டக்காரி வெளியவே நிக்கணும், உள்ளே இடம் கிடைக்கும். அந்தப் பயத்தை நானே துடைச்சு விட்டுட்டேன்.

கண்டபடி வீசச் சொல்றேன்னு நினைக்காதீங்க. தூர ஷாட் தவறினா பந்து நீளமா எகிறும். எதிராளி எடுத்து ஓடிடுவான். அதனால வெளியே ரெண்டு பேர் எப்பவும் பின்னாடி திரும்பத் தயாரா இருக்கணும். அப்புறம் காத்து. ஆனி, ஆடியில நம்ம பக்கம் அடிக்கிற காத்துக்குத்தானே மாவட்டத்துல காத்தாலையே நட்டு வெச்சிருக்காங்க! திறந்தவெளிக் கோர்ட்டுல அந்த மாசம் உயரமா வளைச்சுப் போடுற பொண்ணு பாடு திண்டாட்டம். அன்னிக்கு உள்ளே வெட்டிப் போறதுதான் ஆட்டம். எங்க பழைய மாஸ்டர் ஒருத்தர் "வெளியிலிருந்து வீசுறது சூதாட்டம்டா"ம்பார். காத்து நாள்ல அவர் சொன்னது சரி.

நீல பெயிண்ட் வாங்கி, ஆணியில கயிறு கட்டி, பசங்களே புதுக் கோடு போட்டாங்க. போடும்போது ஒண்ணு தெரிஞ்சுது. மூலையில புதுக் கோடு 6.60தான், ஓரக்கோட்டுக்கு 90 சென்டிமீட்டர் உள்ளே. அதாவது உச்சியில அரை மீட்டர் கூடினா மூலையில 35 சென்டிமீட்டர்தான் கூடியிருக்கு. அவளை மூலையில நிறுத்தினேன். கார்டு உள்ளே வெட்டிப் போனா ரெண்டு பேர் அவ மேல பாய்வாங்க, பந்து மூலைக்கு வரும். "தாயி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு"ன்னேன். "அது கெடக்கு சார், பெயிண்ட் காஞ்சிருச்சா?"ன்னு கேட்டா.

மூணு மாசம், தினமும் காலையில நூத்தம்பது ஷாட். முதல் மாசம் பத்துல ரெண்டுகூட விழல. நானே சந்தேகப்பட்டேன், சொல்லிக்கல. இப்போ பத்துல மூணரைக்குப் பக்கத்துல நிக்குது. ரெண்டாம் வருஷம் டீம் லிஸ்ட்ல அவ பேர் இருக்கு. அடுத்த மேட்ச் கார்த்திகையில.

உங்க காலேஜ் கோர்ட்டுல கோடு எங்கே இருக்குன்னு ஒருதடவை டேப் வெச்சு அளந்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல ஸோன் டிஃபென்ஸை எப்படி உடைக்கிறதுன்னு பேசுவோம்.