பொன்மலையில் ஒரு லைன் வீடாவது மிஞ்ச வேண்டும்



திருச்சியில் பாரம்பரியம் என்றால் எல்லோரும் ஸ்ரீரங்கத்தைத்தான் காட்டுவார்கள். அரங்கநாதர் கோயில் சீரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. அதே ஊரில், பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த பழைய குவார்ட்டர்ஸ் பல, பழுதடைந்தவை என்று இடிக்கப்பட்டுவிட்டன. அதை இழப்பாகப் பார்த்தவர்கள் குறைவு.

நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை பொன்மலைக்கு மாறிய காலத்தில், 1928 ஜூலையில், ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காகச் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று சங்கத் திடலில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி செலுத்துகிறோம். அவர்கள் செத்த இடம் நமக்குத் தெரியும். வாழ்ந்த இடம்?

சாதியை ஆராய்கிறவர்களுக்கு இந்த வீடுகள் ஆவணம். ஸ்ரீரங்கத்தின் உள்வீதிகளில் யார் குடியிருக்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. ரயில்வே காலனியில் பதவி பார்த்து வீடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரைச் சாதி பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. இது சின்ன மாற்றமில்லை.

ஆனால் அந்தப் பதவியையே பல நேரம் சாதிதான் முடிவுசெய்தது. அதிகாரிக்குத் தோட்டத்தோடு பங்களா, கலாசிக்கு லைன் வீடு. வெள்ளைக்காரன் காலத்துக் குடியிருப்புகளில் எடுப்புக் கக்கூஸும், அதை அள்ளுகிறவர் வந்துபோகப் பின்சந்தும் வைத்தே வரைபடம் போட்டார்கள். கோப்பில் சாதி என்ற சொல் இல்லாமல் இருக்கலாம், சுவரில் அது இருக்கிறது. சுவரை இடித்தால் சாட்சியும் போகிறது.

விரிசல் விட்ட வீட்டில் யாரும் குடியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளிக்கு நல்ல வீடு வேண்டும். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம், ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம், இன்று அருங்காட்சியகம். லண்டனில் அம்பேத்கர் படித்த காலத்தில் தங்கிய வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கியது. அதே அம்பேத்கர் பம்பாய் பரேலில் ஆலைத் தொழிலாளர்கள் நடுவே, சால் குடியிருப்பில் நெடுங்காலம் வாழ்ந்தார். நம் வரலாறு இப்படிப்பட்ட சின்ன அறைகளில்தான் நடந்தது.

எனவே கேட்போம்: மிஞ்சியிருப்பதில் ஒரு லைனையாவது பின்சந்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். இடிக்கும் முன் ஒவ்வொரு வீட்டையும் அளந்து, படமெடுத்து, அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டும். முதல் கோரிக்கை ரயில்வேக்கு. இரண்டாவதை நாமே தொடங்கலாம். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.

ஜெய்பீம்.