வகுப்பறைத் தோழமை



ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து பெறுபேறுகள் வெளிவந்தபின், நம் நாட்டுப் பிள்ளைகளுட் பலர் ஆறாந் தரத்துக்கெனப் புதியதொரு பாடசாலையை நாடிச் செல்கின்றனர். ஊர்ப் பாடசாலையில் எல்லாரும் அறிந்த பிள்ளையாய் இருந்தவர், இங்கு நாற்பது பேருள் எவரும் அறியாத ஒருவராகின்றார். சீருடை, சப்பாத்து, புத்தகப்பை, பிரத்தியேக வகுப்பு ஆகிய அனைத்தையும் பெற்றார் முன்கூட்டியே தேடி வைக்கின்றனர். ஆயினும், பிள்ளையின் உள்ளத்தில் எழுவது வேறொரு வினா. ‘இடைவேளையில் நான் யாருடன் இருந்து சாப்பிடுவேன்?’ என்பதே அது.

பெரியவர்களுக்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம். பதினொரு வயது முதற் பதினான்கு வயது வரையுள்ள பருவத்திலோ, தாய் தந்தையரின் சொல்லைவிடச் சகபாடிகளின் பார்வையே பிள்ளைக்குப் பெரிதாகின்றது. வகுப்பு தன்னை ஏற்றுக்கொண்டதென்று உணர்ந்த பிள்ளை தெரியாததைத் தெரியாதென்று கேட்கத் துணியும். ஏற்கவில்லையென்று உணர்ந்த பிள்ளை வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளைக்குக் கணிதமும் வராது, மொழியும் வராது.

ஒரு வகுப்பைக் கண்முன் கொண்டுவாருங்கள். மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ ஒரு மாணவன் யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றுக்கு வந்து சேருகின்றான். பாடத்தை வாசிக்கும்போது அவனுடைய ஊர் வழக்கு ஒலிக்கின்றது. ஒருவன் அதைத் திரும்பச் சொல்லிப் பகிடி பண்ணுகின்றான். வகுப்புச் சிரிக்கின்றது. மறுநாள் அச்சொல்லே அவனுக்குப் பட்டப்பெயராகின்றது. ஒரு கிழமைக்குள் வகுப்பு முழுவதும் பட்டந் தெளிக்கின்றது. அடுத்த மாதம் அப்பிள்ளைக்குக் காலைதோறும் வயிற்றுவலி. அதன்பின் வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வெற்றிடங்கள்.

இங்கே குற்றம் யாருடையது? பகிடி பண்ணியவனையே நாம் சுட்டுவோம். ஆயின் அவன் ஒருவன். வருந்தியவன் ஒருவன். எஞ்சிய முப்பத்தெட்டுப் பேர் என் செய்தனர்? அவர்களுட் சிலர் சிரித்தனர், பலர் வாளாவிருந்தனர். பட்டப்பெயர் நிலைத்தது முதற் சொன்னவனின் திறமையினாலன்று, கேட்டவர்களின் சிரிப்பினாலேயாம்.

இவ்வுண்மையைப் பிறநாட்டு அறிஞரும் கண்டுள்ளனர். நோர்வேயிற் பணியாற்றிய உளவியலறிஞர் டான் ஒல்வேயுஸ், மாணவரிடையே நிகழும் துன்புறுத்தலை 1970களிலேயே முறையாக ஆராய்ந்தார். பின்லாந்தின் கிறிஸ்தினா சல்மிவல்லியும் அவருடன் ஆராய்ந்தோரும், துன்புறுத்துபவனுக்குத் துணைபோவோர், சிரித்து ஊக்குவோர், விலகி நிற்போர், வருந்துபவனைக் காப்போர் எனச் சுற்றியிருப்பவர்களை 1996இல் வகைப்படுத்திக் காட்டினர். பின்னர் அந்நாட்டின் தூர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான ‘கீவா’ என்னும் பாடசாலைத் திட்டம், பார்த்து நிற்கும் மாணவரை மாற்றுவதையே தன் முதன்மை நோக்காகக் கொண்டது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்களிடம் நான் வீரச்செயல் எதனையும் கேட்கவில்லை. மூன்று சிறு செயல்களையே கேட்கின்றேன். ஒன்று, சிரியாதிருங்கள். இரண்டு, வருந்தியவரின் பக்கத்தில் இடைவேளையிற் போயிருங்கள். மூன்று, துன்பம் தொடருமாயின் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் அன்று. ஒருவரைத் தண்டனையில் மாட்டுவதற்காகச் சொல்வது கோள். ஒருவரைத் துன்பத்திலிருந்து மீட்பதற்காகச் சொல்வது கடமை.

பகிடி பண்ணுபவனின் கூட்டாளிகளுக்கும் ஒரு சொல். திருக்குறளில் 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை ஐந்து அதிகாரங்கள் நட்பைப் பற்றியவை. நண்பன் நெறி தவறும்போது இடித்துரைப்பது நட்பின் கடன் என வள்ளுவர் அங்கே வற்புறுத்துகின்றார். ஆசிரியர் பத்து முறை கண்டித்தும் திருந்தாதவன், ‘போதும், விடு’ என்று தன் கூட்டாளி ஒருமுறை சொன்னால் நிறுத்திவிடுவான்.

ஆசிரியப் பெருமக்களே, குழுவேலைக்கு மாணவரைத் தாமே கூட்டுச் சேருமாறு விடும்போது, ஒவ்வொரு முறையும் கடைசியில் எஞ்சி நிற்பவர் ஒருவரே. குழுக்களை நாமே வகுப்போம். இருக்கைகளைத் தவணைக்கு இருமுறையேனும் மாற்றுவோம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடத் தெரிந்தவருக்கு மட்டுமன்றி, இல்லத்தை அலங்கரிப்பவருக்கும் புள்ளி குறிப்பவருக்கும் இடமுண்டு. ஓடமாட்டாத பிள்ளைக்கு அவ்விடத்தைத் தேடிக் கொடுப்பது நம் பணி. தவறு செய்தவனைக் காலைக் கூட்டத்தில் நிறுத்தி அவமதித்தலும் தகாது. அது அவன் செய்த பகிடியையே நாம் பெரிய அளவிற் செய்து காட்டுவதாகும். அவனைத் தனியே அழைத்து வினவுவோம். பொறுப்பொன்றை ஒப்படைத்துக் கவனிப்போம்.

பெற்றோர்களே, முன்னாளிற் பாடசாலை மணி அடித்ததும் பகிடியும் ஓய்ந்தது. இந்நாளிலோ, அது கைத்தொலைபேசி வழியாக வீட்டினுள் நுழைந்து, வகுப்பு மாணவரின் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு வரை தொடர்கின்றது. பிள்ளை வீடு திரும்பியதும், ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்குமுன், ‘இன்று யாருடன் இருந்து சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள். விடை வரத் தாமதமாயின் அத்தாமதத்தையும் கவனியுங்கள். காரணமற்ற தலைவலி, அடிக்கடி தொலையும் பேனை, பாடசாலையென்றதும் வாடும் முகம் ஆகியவற்றைச் சோம்பலென்று தள்ளிவிடாதீர்கள். வகுப்பாசிரியரை நேரிற் கண்டு பேசுங்கள். நிலைமை கைமீறிப் போகுமாயின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. பிள்ளைகளும் அதனை அழைக்கலாம்.

1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. அது பாடசாலையின் வாயிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தது. வாயிலுக்குள் வந்த பிள்ளைக்கு வாங்கில் சற்று நகர்ந்து இடங்கொடுப்பதைச் சட்டம் செய்ய முடியாது. அதனைப் பக்கத்திலிருக்கும் பிள்ளையே செய்தல் வேண்டும். நாளைக் காலை உங்கள் வகுப்பிற் தனித்திருப்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.