எதிரணியில் ஆடியவன் பெயர்

பந்தாட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பாசறையிலே பந்துக்கென்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். அயர்லாந்திலே ஆட்டக்களமே பாசறையாக இருந்தது!

1884 நவம்பர் 1. டிப்பரரி மாவட்டத்துத் தர்லஸ் நகரில் ஒரு விடுதி. மைக்கேல் கூசாக்கின் அழைப்பை ஏற்றுக் கூடியவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆளவந்தோரின் ஆட்டங்கள் அரியணை ஏற, மண்ணின் ஆட்டங்கள் மங்கிக் கிடந்த காலம். அன்று கண்டனர் கேலிக் விளையாட்டுக் கழகத்தை. மட்டையேந்தி ஆடும் ஹர்லிங்கும், கேலிக் கால்பந்தும் மறுவாழ்வு பெற்றன. ஊர்தோறும் மன்றம், மாவட்டந்தோறும் அணி!

அணி என்றால் போட்டி இல்லாமலா? கார்க்கைக் கண்டால் கெர்ரி சீறும். கில்கென்னியைக் கண்டால் டிப்பரரி பொங்கும்!

1920 நவம்பர் 21. டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் திடலில் டிப்பரரியும் டப்ளினும் மோதின. அன்று காலை விடுதலைப் படையினர் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைச் சுட்டிருந்தனர். பிற்பகலில் ஆதிக்கத்தின் படை திடலில் புகுந்து மக்களைச் சுட்டது. மாண்டவர் 14 பேர். டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனும் அவர்களுள் ஒருவர். இன்று அந்த டப்ளின் திடலின் பார்வையாளர் மாடம் ஒன்று தாங்கி நிற்பது யார் பெயரை? எதிரணியில் ஆடவந்த ஹோகனின் பெயரை!

பின்னர் வந்தது வீட்டுக்குள் போர். 1921 உடன்படிக்கையை ஏற்றோர் ஒருபுறம், எதிர்த்தோர் மறுபுறம். 1923 மார்ச்சில் கெர்ரியின் பாலிசீடியில் கைதிகளைக் கண்ணிவெடியைச் சுற்றிப் பிணைத்து வெடிக்கச் செய்தனர். 8 பேர் மடிந்தனர். கொன்றவனும் ஐரிஷ்காரன், மடிந்தவனும் ஐரிஷ்காரன்!

அந்தக் கெர்ரிதான் 1924ஆம் ஆண்டின் அயர்லாந்துப் பட்டத்தை ஒரே புள்ளியில் வென்றது. அணியில் இருந்தோர் யார்? அரசுப் படையின் கான் பிராஸ்னன். அந்தப் படையை எதிர்த்து நின்ற ஜான் ஜோ ஷீஹி. பாலிசீடியின் வடு ஆறவில்லை. கருத்து வேற்றுமை கரையவில்லை. எனினும் இருவரும் ஒரே சட்டை அணிந்து களம் புகுந்தனர்!

தோழர்களே! கிளைக்கும் கிளைக்கும் போட்டியா? இருக்கட்டும். செயலாளர் பதவிக்கு இருவரா? நிற்கட்டும். வாக்கை எண்ணி முடித்த மறுநாள், சுவரொட்டி ஒட்டப் புறப்படுகையில், தோற்றவன் வாளியைத் தூக்கட்டும். வென்றவன் ஏணியைப் பிடிக்கட்டும்!