புள்ளி விழுந்ததா என்று பாருங்கள்



"அம்மா, நான் பல்லிக்குப் போகிறேன்" என்று ஒரு மாணவன் கணினியில் தட்டச்சு செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பிழைதிருத்திகள் பல இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காரணம், பள்ளியும் சொல்தான், பல்லியும் சொல்தான். கரை, கறை, பனி, பணி, அரம், அறம் ஆகியவையும் இப்படித்தான். மென்பொருள் சொற்பட்டியலைத்தான் பார்க்கிறது. பிள்ளையின் மனத்தில் இருந்த சொல் எது என்று அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் எழுத்துப் பயிற்சிக்குக் கணினி வேண்டாமா? வேண்டும். ஆனால், எந்த விசைப்பலகை என்பது முக்கியம்.

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைக் கொண்டுவரும்போது, பிள்ளை தமிழ்ச் சொல்லை ஆங்கில ஒலியாக நினைக்கப் பழகுகிறது. பரிந்துரைப் பட்டியலும் சேர்ந்துகொண்டால், முழுச் சொல்லும் யோசிக்காமலேயே கிடைத்துவிடுகிறது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்டது தமிழ்99 விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுதலாம். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும் செல்லினத்திலும் இது உண்டு.

இதில் ஓர் அழகான விதி இருக்கிறது. வ, ண, ட, இ என்று தட்டினால் 'வண்டி' என்று புள்ளி தானாக விழும். ண-வுக்குப் பதில் ன-வைத் தட்டினால் 'வனடி' என்றுதான் வரும். ட-வுக்கு இனம் ண, ற-வுக்கு இனம் ன, த-வுக்கு இனம் ந. வண்டி, கன்று, பந்து. இலக்கண நூல் சொல்லும் இன எழுத்தைப் பிள்ளை கண்ணாலேயே கண்டுகொள்கிறது.

ல, ள, ழ-வுக்கு இந்த உதவி இல்லை. அங்கே பெற்றோரின் நாக்குதான் ஆசிரியர். வீட்டிலேயே 'பளம்' என்று சொன்னால், பிள்ளை எப்படிப் 'பழம்' என்று எழுதும்?

பெற்றோர்களே, தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பரிந்துரைப் பட்டியலை நிறுத்திவிட்டு, பாடநூலிலிருந்து ஐந்து வாக்கியங்களைத் திருத்தமாக வாசியுங்கள். பிள்ளை தட்டச்சு செய்யட்டும். பிழையான சொல்லைப் பிள்ளையே கண்டுபிடித்து, நோட்டுப் புத்தகத்தில் கையால் ஒரு புதிய வாக்கியமாக எழுதட்டும். எஸ்பிஎம் தேர்வில் தமிழ்க் கட்டுரையைப் பேனா பிடித்துத்தான் எழுத வேண்டும். அங்கே புள்ளி தானாக விழாது.