எழுதப் படிப்பது
(நூற்றாண்டு விழாவையொட்டிய ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் ஆக்க இலக்கியம் எழுதப் படித்ததைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். நான் அதில் சேர்ந்தபோது என் பெரியம்மா கேட்டது இது: "காசு கட்டிக் கதை எழுதப் படிக்கிறியோ பிள்ளை?"

நியாயமான கேள்வி. எங்கள் வீடுகளில் படிப்பு என்றால் அதன் முடிவில் ஒரு வேலை நிற்க வேண்டும். நானும் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்து, கணக்காளராக வேலை செய்கிறவள்தான். 38 வயதில், வேலையை விடாமல், இங்கிலாந்தில் இரண்டு வருடப் பகுதிநேர முதுமாணிக் கற்கைநெறியில் சேர்ந்தேன்.

இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936இல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஈஸ்ற் அங்லியா பல்கலைக்கழகத்தில் 1970இல் மல்கம் பிராட்பரி, அங்கஸ் வில்சன் என்ற இரு நாவலாசிரியர்கள் தொடங்கினார்கள். 2017இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். இதைச் சொன்னதும் பெரியம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நோபல் பரிசு என்ற சொல் எங்கள் ஆட்களிடம் நன்றாக வேலை செய்யும்.

வகுப்பில் விரிவுரை குறைவு. ஒரு நீள மேசை, சுற்றிவரப் பத்துப் பேர். கிழமைக்கு இரண்டு பேருடைய எழுத்து. அதை முதல் கிழமையே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் வாசித்து, ஓரங்களில் குறிப்பெழுதிக்கொண்டு வருவார்கள். அவர்கள் கதைத்து முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்கிறவர்கள் இப்போது பலர். எனக்கு அது பிடித்திருந்தது. 'நான் சொல்ல வந்தது அதுவல்ல' என்று விளக்க வழியில்லை. புத்தகத்தைக் கையில் எடுக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று நான் விளக்கப் போவதில்லைத்தானே.

நான் கொண்டுபோன முதற்கதை 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றியது. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. அப்போது எனக்குப் பதினைந்து வயது. கதை முழுக்க 'நாங்கள்' என்றே இருந்தது. நாங்கள் நடந்தோம், நாங்கள் அழுதோம், மண்ணைப் பிரிந்தோம். மேசையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஓய்வுபெற்ற தாதி ஒருவர், வேல்ஸ்காரி, மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பிள்ளையின் கையில் என்ன இருந்தது?"

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் பதில் இருந்தது. அரைப் போத்தல் மண்ணெண்ணெய். தடைக் காலத்தில் அது என்ன விலை விற்றது என்று உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு வர அப்பா சம்மதிக்கவில்லை. மூடி தொலைந்து, கொப்பித் தாளைச் சுருட்டி அடைத்திருந்தோம். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி இரவு முழுக்க நடந்தேன். அந்தப் போத்தலை இருபத்துமூன்று வருடமாக ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

பரீட்சைக் கட்டுரையில் 'நாம்' என்று எழுதிப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் நாங்கள். முன்னுரை, முடிவுரை, நடுவில் ஒரு திருக்குறள். அந்தப் பயிற்சியை நான் குறைசொல்லவில்லை. எழுவாய் பயனிலை பிழைக்காமல் எழுத வந்தது இங்கேதான். கதைக்கு வேறொரு பயிற்சி வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கதையைப் பிறகு தமிழிலும் எழுதினேன். அது மூன்று பக்கம் குறைந்தது. தமிழில் நாவற்குழியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

எழுத்தைப் படிப்பிக்க முடியாது என்பவர்கள் டொமினிக் ஜீவாவைச் சொல்வார்கள். பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர், யாழ்ப்பாணத்தில் சலூனில் தொழில் செய்தவர், 1966இல் மல்லிகையைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியவர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்? சரிதான். ஆனால் அவரைச் சுற்றி எழுதுகிறவர்கள் வந்தார்கள், இருந்தார்கள், வாதாடினார்கள். அதுவும் ஒரு பட்டறைதான். அந்த வாங்கில் எங்கள் அம்மாமாரில் யார் போய் இருந்திருக்க முடியும்? சலூன், தேநீர்க் கடை, வாசிகசாலைத் திண்ணை எல்லாம் ஆண்களின் இடங்கள். குறமகள், குந்தவை போன்றவர்கள் எழுதாமல் விடவில்லை. ஆனால் எழுத நினைத்த எத்தனையோ பெண்களுக்கு, ஒரு கதை ஏன் நிற்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை. நான் கட்டிய காசு அந்த வாங்கில் ஓர் இடத்துக்கான காசு என்றுதான் நினைக்கிறேன்.

மகள் இதைப் படிக்கக் கேட்கிறாள், என்ன சொல்வது என்று இரண்டு தாய்மார் என்னிடம் கேட்டார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். இது வேலை தரும் பட்டம் அல்ல. எழுத்தாளர்களில் பெரும்பாலானோர் வேறு தொழில் செய்தே சீவிக்கிறார்கள். கட்டணம் பெரிது; வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிது. வீட்டை ஈடுவைத்து அனுப்ப வேண்டாம். கையில் ஒரு தொழில் வந்தபிறகு படிக்கட்டும். ஆனால் சிரித்து மட்டும் விடாதீர்கள். சிரித்தால் பிள்ளை எழுதியதை ஒளித்துவைக்கப் பழகிவிடும்.

கட்டணம் இல்லாமலும் ஒன்று செய்யலாம். எங்கள் நூலகத்தில் அந்த நீள மேசை இன்னும் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை, ரியூசன் இல்லாத நேரமாக, அப்படி ஒரு நேரம் இருந்தால், உயர்தர மாணவிகள் பத்துப் பேர் இருக்கட்டும். புள்ளி போடக் கூடாது. நான் தை மாதம் முடியும்வரை ஊரில் நிற்பேன். முதல் மூன்று வகுப்புக்கும் வருகிறேன். அதற்குப் பிறகு இந்த மண்டபத்திலிருந்து இரண்டு பேராவது பொறுப்பெடுக்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.