சதர்க்கின் ஜார்ஜ் சத்திரம்

லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், லண்டன் பாலத்தின் அடிவாரத்தில் இருக்கிறது சதர்க். அங்கே பரோ ஹை ஸ்ட்ரீட் என்னும் கடைவீதியில் 77ஆம் எண்ணில் ஜார்ஜ் இன் என்ற பழைய சத்திரம் நிற்கிறது. குதிரை வண்டிப் பயணிகள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட சத்திரங்களில், மாடித் தாழ்வாரங்களோடு லண்டனில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இன்று இது ஊர் மக்களும் சுற்றுலாப் பயணிகளும் ஒன்றாகக் கூடும் ஒரு பப், அதாவது மதுவிடுதி.

லண்டன் பிரிட்ஜ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, பரோ ஹை ஸ்ட்ரீட் வழியே தெற்கு நோக்கிச் சில நிமிடம் நடந்தால் போதும். வீதியின் ஒரு பக்கம் பரோ மார்க்கெட் என்ற பழைய உணவுச் சந்தை. மறுபக்கம் கட்டடங்களுக்கு மேலே, சுமார் 310 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஷார்டு என்னும் கண்ணாடிக் கோபுரம். சத்திரம் வீதியைப் பார்த்து நிற்பதில்லை. கடைகளுக்கு இடையே உள்ள குறுகிய வழியாக உள்ளே நுழைந்தால் கல் பாவிய முற்றம் ஒன்று விரிகிறது. அந்த முற்றத்தின் தென்புறம் முழுவதையும் ஜார்ஜ் சத்திரம் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த வீதியில் ஒரு காலத்தில் சத்திரங்கள் பெருகியதற்குக் காரணம் லண்டன் பாலம். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை, நகரத்துக்குள் தேம்ஸைக் கடக்க அது ஒன்றே பாலமாக இருந்தது. டோவர், கேன்டர்பரி முதலிய தென்கிழக்கு ஊர்களிலிருந்து வரும் சாலைகள் எல்லாம் சதர்க்கில் வந்து சேர்ந்தன. பாலத்தின் கதவுகள் இரவில் மூடப்பட்டுவிடும். பகலிலும் பாலத்தின்மேல் இருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே பெரிய வண்டிகள் போவது கடினம். எனவே வண்டிகள் ஆற்றுக்கு இக்கரையிலேயே நின்றன. பயணிகளுக்கு அறையும், குதிரைகளுக்கு லாயமும், சரக்குக்குக் கிடங்கும் இங்கேயே தேவைப்பட்டன.

ஜான் ஸ்டோ என்ற வரலாற்றாசிரியர் 1598இல் வெளியிட்ட லண்டன் நகர வரலாற்றில், சதர்க் சத்திரங்களின் பட்டியலில் ஜார்ஜின் பெயரும் உண்டு. அதே பட்டியலில் உள்ள டேபர்டு, கவிஞர் சாஸரின் கேன்டர்பரிக் கதைகளில் யாத்திரிகர்கள் கூடிப் புறப்படும் சத்திரம். 1676இல் சதர்க்கின் பெரும்பகுதியைத் தீ அழித்தது. ஜார்ஜும் அதில் எரிந்துபோனது. அடுத்த ஆண்டே, 1677இல், திரும்பக் கட்டப்பட்டது. இன்று நிற்பது அந்தக் கட்டடமே. ஷேக்ஸ்பியர் 1616இலேயே இறந்துவிட்டதால், அவர் இந்தக் கட்டடத்தில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அவர் காலத்துச் சத்திரங்கள் எப்படி இருந்தன என்பதை இந்த முற்றம் காட்டுகிறது.

வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணை முதலில் இழுப்பவை மாடித் தாழ்வாரங்கள். வெள்ளை பூசிய மரக் கைப்பிடிகளோடு அவை முற்றத்தை நோக்கி நீண்டு நிற்கின்றன. இவை அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. மாடியில் வரிசையாக இருந்த படுக்கை அறைகளின் கதவுகள் இந்தத் தாழ்வாரத்தில்தான் திறந்தன. ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக இதுவே நடைவழி. இத்தகைய முற்றங்களில்தான், தனி அரங்கங்கள் தோன்றுமுன், நாடகக் குழுக்கள் மேடை போட்டு நடித்தன. கீழே நின்றும் தாழ்வாரங்களில் இருந்தும் மக்கள் பார்த்தார்கள். பின்னர் எழுந்த நாடக அரங்குகளிலும் இதே அமைப்பைக் காணலாம்.

உள்ளே அறைகள் ஒன்றையடுத்து ஒன்றாகச் செல்கின்றன. வீதிக்கு அருகிலுள்ள கூடம் ஒரு காலத்தில் வண்டிக்காகக் காத்திருப்போர் தங்கிய இடம். தாழ்ந்த கூரை, கருத்த உத்தரங்கள், பலகை அடித்த சுவர்கள், நடந்தால் முனகும் மரத்தரை. தரை சில இடங்களில் சற்றே சரிந்தும் இருக்கிறது. இந்தக் கூடத்துச் சுவரில் பெரிய வட்ட முகம் கொண்ட ஒரு கடிகாரம் உள்ளது. இந்த வகைக்குப் பாராளுமன்றக் கடிகாரம் என்று பெயர். 1797இல் பிரிட்டனில் கடிகாரங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே அந்த வரி நீக்கப்பட்டது. அந்த வரியை வைத்தே இந்தப் பெயர் வழங்குகிறது. ஆனால் வண்டி புறப்படும் நேரம் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்ததால், இப்படிப்பட்ட கடிகாரங்கள் வரிக்கு முன்பே சத்திரங்களில் தொங்கின.

1836இல் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. குதிரை வண்டிகளின் காலம் அதோடு முடிவை நெருங்கியது. அண்டையிலிருந்த சத்திரங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. ஜார்ஜின் முற்றத்தைச் சுற்றியிருந்த மற்றக் கட்டடங்களையும், கிடங்கு அமைப்பதற்காக, கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனம் 1889இல் இடித்தது. தென்புறம் மட்டும் தப்பியது. கிரேட் நார்தர்னின் வழிவந்த ரயில் நிறுவனம் 1937இல் இக்கட்டடத்தை நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்புக்கு அளித்தது. நாட்டின் மிக உயர்ந்த முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலிலும் கட்டடம் இடம்பெற்றிருக்கிறது.

சார்லஸ் டிக்கன்ஸின் லிட்டில் டாரிட் நாவலில் ஜார்ஜின் பெயர் வருகிறது. அவருடைய தந்தை 1824இல் கடனுக்காக அடைக்கப்பட்ட மார்ஷல்சீ சிறை இதே வீதியில்தான் இருந்தது. அப்போது டிக்கன்ஸுக்கு வயது 12. அந்தச் சிறையின் நீண்ட சுவர் ஒன்று இன்னும் நிற்கிறது. சத்திரத்தைப் பார்ப்பவர்கள் அங்கும் நடந்து சென்று வரலாம்.

பப்புக்குப் புதியவர்கள் அறிய வேண்டியவை சில. நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. குடிக்க வேண்டியதைக் கவுண்டருக்குப் போய்க் கேட்டு, பணம் கொடுத்து, தாமே எடுத்து வர வேண்டும். பியர் பைன்ட் அளவில் விற்கப்படுகிறது. ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர். அரை பைன்டும் கேட்கலாம். ஏல் எனப்படும் மரபான பியர், நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படும். அதில் பனிக்கட்டியின் குளிர் இராது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது குற்றம். மது அருந்தாதவர்கள் குளிர்பானமோ உணவோ வாங்கிக்கொண்டு அமரலாம். யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

மாலையில் அலுவலகம் முடிந்து வருவோரின் கூட்டத்தில் முற்றம் நிரம்பிவிடும். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேலை நாளில், மதிய உணவு நேரத்துக்கு முன்போ பின்போ செல்வது நல்லது. லண்டனில் பழமையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டும் இடங்கள் பல உண்டு. சுமார் மூன்றரை நூற்றாண்டு பழைய கூரையின்கீழ் உட்காரவும், சாப்பிடவும், பேசவும் இடம் தருபவை சிலவே. லண்டனுக்குச் செல்கிறவர்கள் ஜார்ஜ் சத்திரத்துக்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.