எலுமிச்சைச் சாறும் வெயிலும்



பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் தொங்கும் எலுமிச்சை மாலையை அறியாதார் நம்மில் எவருமிலர். வழிபாட்டிற்கும் ஊறுகாய்ச் சாடிக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் வேண்டப்படும் அக்கனியின் சாறு, வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும் என்பதைப் பலர் அறியார்.

எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், சோராலென் இனத்துப் பொருள்கள் உள்ளன. தனித்து நின்றால் அவை தீங்கு செய்வதில்லை. அவை பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழும்போதே தோல் புண்படுகிறது. மப்பும் மந்தாரமுமான நாளிலும் அக்கதிர் உண்டு. பாலை உறையவிடும் திராவகம் பட்டால் உடனே எரியும்; இதுவோ ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்தே சிவந்து எரியத் தொடங்கும். இரண்டு மூன்று நாள்களில் கொப்புளம் எழும்பும். பின்னர் படியும் கருமை மறைய வாரங்களோ மாதங்களோ ஆகும். இஃது ஒவ்வாமை அன்று, யாருக்கும் வரலாம். காட்டோரத்து ரெங்காஸ் மரத்தின் பால் உண்டாக்கும் கொப்புளம் வேறு. அதற்கு வெயில் வேண்டுவதில்லை.

லயத்து அஞ்சடியில் ஒரு தாய் ஊறுகாய்க்கு எலுமிச்சை பிழிகின்றாள் என்று கொள்வோம். அழும் குழந்தையை அக்கையாலேயே தூக்கித் தேற்றி, வெயிலில் விளையாட விடுகின்றாள். இரண்டு நாள் சென்றபின் குழந்தையின் முதுகில் ஐந்து விரல்களும் பதிந்திருக்கின்றன! அண்டை வீட்டார் என்ன நினைப்பார்கள்? பிற நாடுகளில் மருத்துவர்களே இத்தகைய தழும்பை அடியென்று ஐயுற்றதுண்டு. ஆதலின், பழி சுமத்துமுன், எலுமிச்சை தொட்ட கையா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நலங்கு மாவில் சேரும் கார்போகரிசியின் அறிவியற் பெயரிலிருந்தே சோராலென் என்னும் பெயர் பிறந்தது. வெண்தழும்பிற்கு அது நம் பழைய மருந்து. ஆயினும் அதனைத் தாமே அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது கொப்புளத்தில் முடியக்கூடும். மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

எலுமிச்சை பிழிந்தபின், வெளியே செல்லுமுன், விரலிடுக்கும் மணிக்கட்டும் விடாமல் சோப்பிட்டுக் கழுவுங்கள். கொப்புளம் கண்டால் உடைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை இட்டு, மருந்தகத்திற்குச் செல்லுங்கள். தழும்பின்மீது வெயில் படாமல் மூடுங்கள். கருமை போக்கவென்று அதன்மேல் எலுமிச்சை தேய்ப்பாரும் உளர். அதனை மட்டும் செய்யாதீர்கள்.